புது கிளாஸ் அட்வைசர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி: என்ன சொல்லிக் கொடுப்பது?

கேள்வி, மே 11

எங்கள் பொறியியல் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த 14 ஆசிரியர்களை வரும் செமஸ்டரில் கிளாஸ் அட்வைசர் (ஒரு வகுப்பு மாணவர்களுக்குப் பொறுப்பான ஆசிரியர்) ஆக்கப் போகிறார்கள். அதற்கு முன் இரண்டு நாள் பயிற்சி. திட்டம் போடும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. முதல் நாள் காலை மனநல ஆலோசகர் ஒருவர், மதியம் தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவர், இரண்டாம் நாள் நாக் (கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு தரும் அமைப்பு) கோப்புகள் பற்றி விளக்கம் என்று வைத்திருக்கிறேன். மாணவரிடம் பரிவாகப் பேசத் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்பது என் எண்ணம். சரிதானே?

மே 11, இரவு

சரியில்லை. முதலில் பேச்சாளரை எடுத்துவிடுங்கள். அந்தக் காசுக்கு இரண்டு நாளும் நல்ல சாப்பாடு போடலாம்.

பரிவு தானாக வரும், ரெகுலேஷன் புத்தகம், அதாவது பல்கலைக்கழக விதிகள், தானாக வராது. பதினேழு வருடம் அட்வைசராக இருந்தவன் சொல்கிறேன். பரிவே இல்லாத ஆசிரியரை அதிகம் பார்த்ததில்லை. அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் வேண்டும் என்றால் எதில் 75 என்று தெரியாத ஆசிரியர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதில் முதல் ஆள் நான்.

நான் அட்வைசர் ஆன இரண்டாம் வருடம். மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவன் அட்டெண்டன்ஸ் குறைவு என்று கையெழுத்துக்கு வந்தான். 60 வேலை நாள் முடிந்திருந்தது, 38 நாள் வந்திருந்தான். 63 சதவீதம். "இனிமே தேறாதுப்பா, மெடிக்கல் சர்டிபிகேட் ஏதாவது கிடைக்குமான்னு பாரு" என்றேன். பரிவாகத்தான் சொன்னேன், குரலை உயர்த்தவே இல்லை. டீ வேண்டுமா என்றுகூடக் கேட்டேன். மறுநாளிலிருந்து பையன் வரவில்லை.

இப்போது நீங்களே கணக்குப் போடுங்கள். செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்றால் மீதி 30. முப்பது நாளும் வந்திருந்தால் 68. தொண்ணூறுக்கு 68 என்பது 75.6 சதவீதம். கண்டொனேஷனே (குறைவுக்குக் காரணம் காட்டி வாங்கும் விலக்கு) தேவைப்பட்டிருக்காது. தேறக்கூடியவனைத் தேறமாட்டான் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். 65-க்குக் கீழே போனதால் அந்த விலக்கும் இல்லாமல் தேர்வு எழுத முடியவில்லை. அடுத்த வருடம் ஜூனியர்களோடு உட்கார்ந்து அந்த செமஸ்டரைத் திரும்பப் படித்தான்.

அதனால் முதல் நாள் காலை, முதல் மணி நேரம், 14 பேர் கையிலும் இந்தக் கணக்கைக் கொடுங்கள். "60-இல் 38. பையன் முன்னால் நிற்கிறான். என்ன சொல்வீர்கள்?" பவர்பாயிண்ட் வேண்டாம். ஆளுக்கொரு காகிதம், பேனா.

மே 12, காலை

இன்னொரு கணக்கும் சேர்த்துக்கொள்ளுங்கள், இது இன்டர்னல் பற்றியது. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளின் 2021 ரெகுலேஷனில் தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. தேர்ச்சிக்கு இரண்டு வாசல் தாண்ட வேண்டும்: செமஸ்டர் தேர்வில் 45 சதவீதம், இரண்டும் சேர்ந்து 50. நீங்கள் தன்னாட்சிக் கல்லூரி என்றால் உங்கள் புத்தகத்தைப் பாருங்கள், நான் சொல்வதை அப்படியே எடுக்காதீர்கள்.

"45 எடுத்தா பாஸ்" என்றுதான் எல்லா மாணவனும் நினைத்துக்கொண்டிருக்கிறான். இன்டர்னலில் 35 வைத்திருப்பவனுக்கு அது உண்மை. இன்டர்னல் 10 மட்டும் வைத்திருப்பவன் மொத்தம் 50 தொட வேண்டுமென்றால் அறுபதில் 40 வேண்டும், நூற்றுக்கு 67. இதை இரண்டாம் இன்டர்னல் முடிந்த அன்றே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினால் பிள்ளைகள் எந்தப் பாடத்துக்கு எத்தனை நாள் ஒதுக்குவது என்று தாங்களே முடிவு செய்வார்கள். "நல்லாப் படிப்பா" என்பதைவிட அந்தத் துண்டுக் காகிதம் மேல். ரிசல்ட் வந்து, தேறவில்லை என்ற யு கிரேடைப் பார்த்த பிறகு சொன்னால் ஆறுதல்தான் சொல்ல முடியும்.

மே 12, மதியம்

"இதெல்லாம் எக்ஸலில் போட்டால் தானே வந்துவிடுமே சார்" என்று ஒருவர். வரும். எக்ஸல் உங்கள் மேசையில் இருக்கும், பையன் காரிடாரில் நிற்பான்.

மே 15

இங்கே ஒரு மேடம் நேற்றுக் கேட்ட கேள்வி தூங்கவிடவில்லை. "சார், அந்த 22 நாள் அவன் எங்கே போனான் என்று கேட்டீர்களா?"

கேட்கவில்லை.

மே 11 இரவு எழுதியதில் இதை விட்டுவிட்டேன், வேண்டுமென்றே விட்டேனோ என்னவோ. பின்னால் எனக்கே தெரியவந்தது. அடுத்த வருடம் ஆவணியில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன். வெள்ளைச் சட்டை, இடுப்பில் சிவப்புத் துண்டு, கையில் ரசவாளியோடு வரிசையில் வந்தவன் என் இலைக்கு முன்னால் நின்றுவிட்டான். அவனேதான். "சார், ரசம்?" என்றான். நான் இலையையே பார்த்துக்கொண்டு கையைக் காட்டினேன். ஊற்றிவிட்டு, "நாளைக்கு வந்துடுவேன் சார்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனான். அந்தப் பந்தியில் பாயசம் வந்ததா என்று எனக்கு ஞாபகமில்லை.

கேட்டரிங் வேலைக்குப் போகும் பையன்கள் நம் கல்லூரிகளில் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியாது. அவர்களும் சொல்லமாட்டார்கள். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலை மண்டபத்துக்குப் போனால் ரிசப்ஷன் பந்தி, விடிகாலை டிபன், மதியச் சாப்பாடு, பாத்திரம் ஏற்றிவிட்டு வீடு. மறுநாள் தூக்கம். ஒரு முகூர்த்தத்துக்கு இரண்டு நாளாவது போகும், சில சமயம் மூன்று.

அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டரை எடுத்துப் பழைய தினசரி காலண்டரோடு வைத்துப் பார்த்தேன். ஆடியில் ஒரு நாள்கூட விடவில்லை. ஆவணி பிறந்ததும் ஆரம்பம். முகூர்த்த நாளைச் சுற்றிச் சுற்றி 'ஆ', 'ஆ', 'ஆ'. நான் "தேறாது" என்று சொன்ன நாளில் புரட்டாசி பிறந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. புரட்டாசியில் கல்யாணம் கிடையாது, வேலையும் கிடையாது! கல்லூரிக்கு வந்துதான் இருப்பான். ஐப்பசியில் வரும் முகூர்த்தங்களை மட்டும் விடச் சொல்லியிருந்தால் போதும்.

ஆக, முதல் நாள் எழுதியதில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ரெகுலேஷன் மட்டும் தெரிந்திருந்தால் "முப்பது நாளும் வா" என்று சொல்லியிருப்பேன், அவன் தலையாட்டிவிட்டு ஐப்பசி முதல் முகூர்த்தத்தில் மறுபடி ஆப்சென்ட் ஆகியிருப்பான். கணக்கும் வேண்டும், "எங்கப்பா போன?" என்பதும் வேண்டும். ஆனால் மனநல ஆலோசகரின் ஸ்லைடில் முகூர்த்த நாள் இருக்காது.

மே 16

அதே காகிதத்தைக் கொஞ்சம் மாற்றினேன். வெறும் "60-இல் 38" என்று கொடுக்காதீர்கள். தேதிவாரியான ரெஜிஸ்டர் பக்கத்தைப் பெயர் மறைத்து ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்கள். வராத நாட்களில் என்ன ஒழுங்கு தெரிகிறது என்று பத்து நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

எனக்குப் பழக்கத்தில் தெரிந்தவை: திங்கள்தோறும் ஆப்சென்ட் என்றால் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பக் காசில்லை, அல்லது ஞாயிறு ராத்திரி வேலை. முதல் பீரியட் மட்டும் இல்லை என்றால் பஸ். ஒரே ஒரு பாடம் மட்டும் இல்லை என்றால் அந்தப் பாட ஆசிரியரைப் பற்றி யோசிக்க வேண்டும், அதை எச்.ஓ.டி.யிடம் எப்படிச் சொல்வது என்று தனியாக யோசிக்க வேண்டும். ஒரு பெண் பிள்ளை தொடர்ந்து வந்துகொண்டிருந்து, திடீரென்று ஒரு வாரம் மொத்தமாக இல்லை என்றால் அன்றைக்கே விசாரியுங்கள். நிச்சயதார்த்தமாக இருக்கலாம்.

இதெல்லாம் ஊகம்தான். கேள்வியை எங்கே தொடங்குவது என்பதற்கு மட்டும் உதவும். ரெஜிஸ்டரைப் பார்த்தே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

மே 19

நாக் கோப்பு விளக்கம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அரை மணி நேரம் போதும்.

நாக் கையேட்டில் 2.3.3 என்று ஓர் அளவீடு இருந்தது, ஒரு மென்டருக்கு (வழிகாட்டும் ஆசிரியருக்கு) எத்தனை மாணவர் என்ற விகிதம். எண்ணைத்தான் கேட்டது, என்ன பேசினீர்கள் என்று கேட்கவில்லை. அதனால் என்ன ஆகும்? ஒரு கல்லூரியில் (பெயர் வேண்டாம், அங்கே இன்னும் நண்பர்கள் இருக்கிறார்கள்) குழு வருவதற்கு முந்தின ராத்திரி ஸ்டாஃப் ரூமில் நாங்கள் ஒன்பது பேர் தரையில் உட்கார்ந்து இரண்டு வருட மென்டர் நோட்டுகளை எழுதி முடித்தோம். நீலப் பேனா ஒரு மாதம், கருப்பு ஒரு மாதம், ஜெல் பேனா தேர்வு மாதம். "மாணவர் நலமாக உள்ளார். நன்றாகப் படிக்க அறிவுறுத்தப்பட்டது." இருபது நோட்டுக்கு ஒரே வாக்கியம். டிஸ்கன்டினியூ செய்து போய்விட்ட ஒருவனுக்கும் நன்றாகப் படிக்க அறிவுறுத்தியிருந்தேன். விடிகாலை நாலு மணிக்கு ஒருவர் கண்டுபிடித்தார், எல்லோரும் சிரித்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

பயிற்சியில் அந்த நோட்டை எழுதச் சொல்லிக் கொடுங்கள். மாணவன் சொன்னது ஒரு வரி, நான் செய்வதாகச் சொன்னது ஒரு வரி, எந்தத் தேதிக்குள் என்று ஒரு வரி. மூன்று வரிக்கு மேல் கேட்டால் யாரும் எழுதமாட்டார்கள். வாரம் 16 மணி நேரம் வகுப்பு, அதற்கு மேல் லேப், பேப்பர் திருத்தல், அட்மிஷன் வேலை. முழுநேர ஆலோசகர்களுக்குப் போட்ட படிவத்தை நம் ஆட்களிடம் நீட்டினால் ஜெல் பேனாதான் மிஞ்சும். வீட்டு விஷயம், உடம்பு விஷயத்தை நோட்டில் எழுதவே கூடாது என்பதையும் சொல்லுங்கள். அந்த நோட்டை யார் யாரோ புரட்டுவார்கள்.

மே 23

அமெரிக்க முறை பற்றி ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். கொஞ்சம் படித்திருக்கிறேன். அங்கே பல இடங்களில் இதற்கென்றே சம்பளம் வாங்கும் முழுநேர ஆட்கள் இருக்கிறார்கள். 1979 முதல் நாக்காடா என்ற அமைப்பும் இருக்கிறது. அட்வைசருக்குத் தெரிய வேண்டியதை அவர்கள் மூன்றாகப் பிரிக்கிறார்கள்: இந்த வேலை எதற்கு என்ற தெளிவு, விதிகளும் தகவல்களும், ஆளோடு பழகும் முறை. பிரிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம் ஊர்ப் பயிற்சிகளில் முதலாவதே இரண்டு நாளையும் விழுங்கிவிடும். குத்துவிளக்கு, வரவேற்புரை, ஆசிரியப் பணியே அறப்பணி, பொன்னாடை, குரூப் போட்டோ.

மே 24

திருத்தம். சி.ஓ.இ. (தேர்வுக் கட்டுப்பாட்டாளர்) அலுவலகத்தில் வேலை பார்த்தவர் ஒருவர் பிடித்துவிட்டார். அட்டெண்டன்ஸ் நாள் கணக்கில்லை, பீரியட் கணக்கு. எனக்கும் தெரியும், எளிதாக இருக்கட்டும் என்று நாளில் எழுதினேன். ஆனால் அவர் சொன்ன பிறகு போட்டுப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி வருகிறது.

நாளுக்கு ஏழு பீரியட் என்றால் மொத்தம் 630. அதில் 75 சதவீதத்துக்கு 473 வேண்டும். பையனிடம் 266 இருந்தது, மீதி 30 நாளில் 210. கூட்டினால் 476. மூன்று பீரியட் கையிருப்பு!

நாள் கணக்கில் அவன் ஒரு நாள்கூட விடக் கூடாது, விட்டால் 74.4 என்று ஆகிவிடும். பீரியட் கணக்கில் மூன்று முறை பஸ்ஸைத் தவறவிடலாம். "ஒரு நாளும் தவறக் கூடாது" என்று சொன்னால் முதல் தடவை லேட்டானதுமே போச்சு என்று விட்டுவிடுவான். "மூணு பீரியட் இருக்கு, பாத்துச் செலவு பண்ணு" என்றால் எண்ணி எண்ணிச் செலவழிப்பான். மதியம் லேப் இருக்கும் நாளில் விட்டால் மூன்றும் ஒரே அடியாகப் போய்விடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

14 பேரும் இந்த இரண்டு கணக்கையும் போடட்டும்.

மே 30

"பேரண்ட்டைக் கூட்டிட்டு வா."

புதியவர்கள் முதல் மாதத்தில் இதை எத்தனை முறை சொல்வார்கள் என்று எண்ணினால் பயமாக இருக்கும். நானும் சொன்னவன்தான். அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர் என்றால் ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசு போச்சு, வந்து நம் முன்னால் கைகட்டி நிற்பார். அந்தக் கோபம் முழுக்க வீட்டுக்குப் போனதும் பிள்ளை மேல் இறங்கும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம். "உங்க பொண்ணு ஒரு பையனோட கேன்டீன்ல உட்கார்ந்திருந்தா" என்று ஒரு அட்வைசர் போன் போட்டார். அவருக்கு அது கடமை. அந்தப் பெண் அடுத்த செமஸ்டருக்கு வரவில்லை. என் மேசைக்கு அடுத்த மேசையில் நடந்தது இது. அவர் கெட்டவரில்லை, இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசினால் எழுந்து போய்விடுவார்.

போன் செய்வதை நாடகமாக நடிக்கவிடுங்கள். ஒருவர் அட்வைசர், ஒருவர் அம்மா. அம்மாவாக நடிப்பவருக்கு மட்டும் ஒரு சீட்டு கொடுங்கள்: "உன் கணவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்." அட்வைசர் அதைக் கண்டுபிடிக்கிறாரா என்று பார்க்கலாம். இந்தப் பயிற்சியை நான் இரண்டு முறை நடத்தினேன். ஒரே ஒருவர்தான், "அம்மா, இப்பப் பேசலாமா, அப்புறம் கூப்பிடட்டுமா?" என்று கேட்டார். அவர் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்.

ஜூன் 2

மனநல ஆலோசகரை வெட்டச் சொன்னேன் என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள். பேச்சாளரைத்தான் சொன்னேன். ஆலோசகர் வரட்டும், ஆனால் "மன அழுத்தம் என்றால் என்ன" வேண்டாம். அவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "எந்த வார்த்தை காதில் விழுந்தால் நான் பேசுவதை நிறுத்திவிட்டு உங்களைக் கூப்பிட வேண்டும்?" புதியவர்களுக்கு அதுதான் தெரியாது. உயிர் வேண்டாம் என்கிற மாதிரி ஒரு பிள்ளை பேசினால் நாம் அறிவுரையில் இறங்கிவிடுகிறோம். தனியாக அனுப்பக் கூடாது, கூடவே நடந்துபோய் ஆலோசகர் அறையில் உட்கார வைக்க வேண்டும். அவர் இல்லாத நேரத்துக்கு 14416, 'நட்புடன் உங்களோடு' என்ற அரசு மனநல உதவி எண். ராகிங் என்றால் 1800-180-5522. இவற்றை ஐ.டி. கார்டின் பின்பக்கம் ஒட்டிக்கொடுங்கள், ஸ்லைடில் போட்டால் யாரும் எழுதிக்கொள்ளமாட்டார்கள்.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சொல்லுங்க சார், அப்பத்தான் சொல்வேன்." இதற்கு என்ன பதில்? 14 பேரையும் கேளுங்கள், பன்னிரண்டு பேராவது "சொல்லமாட்டேன்" என்பார்கள். முதலாண்டுப் பிள்ளைகளில் பலருக்கு 17 வயதுதான். 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் 2012-இன் போக்சோ சட்டப்படி புகார் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் அதுவே குற்றம். வாக்குக் கொடுத்துவிட்டு மீறுவதைவிட, "உன் பாதுகாப்புக்குத் தேவைப்பட்டால் தவிர யாரிடமும் போகாது, போக வேண்டி வந்தால் முதலில் உன்னிடம் சொல்வேன்" என்று தொடங்கலாம். நான் இதைக் கற்றுக்கொள்ளப் பத்து வருடம் ஆனது.

ஜூன் 3

உதவித்தொகை. எல்லாத் திட்டத்தையும் மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். முதல் பட்டதாரி சலுகை, 7.5 சதவீத இட ஒதுக்கீட்டில் வந்தவர்களுக்கான கட்டணம், புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன், இந்தப் பெயர்கள் தெரிந்து, கல்லூரியில் எந்த ஜன்னலில் யார் இதைப் பார்க்கிறார் என்று தெரிந்தால் போதும். மதிய இடைவேளையில் 14 பேரையும் ஆபீசுக்கு நடத்திக் கூட்டிப்போய் அந்தக் கிளார்க்கை அறிமுகம் செய்யுங்கள். "மாசம் ஆயிரம் ரூபாய் இந்த மாசம் வரலை மேடம்" என்று ஒரு பெண் வந்து நின்றால், "ஆபீஸ்ல போய்க் கேளு" என்பதற்கும் "ரெண்டாவது ஜன்னல்ல அந்த அண்ணனைப் பாரு, பாஸ்புக் எடுத்துட்டுப் போ" என்பதற்கும் அவளுக்கு அரை நாள் வித்தியாசம்.

ஜூன் 9

கால அட்டவணை கேட்டீர்கள். முதல் நாள் காலை முழுக்கக் கணக்கும் ரெஜிஸ்டர் பக்கமும். மதியம் ஆபீஸ் ஜன்னல், அப்புறம் போன் நாடகம். இரண்டாம் நாள் காலை ஆலோசகர். மதியம் மூன்று வரி நோட்டும் நாக் அரை மணியும். நாலு மணிக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். மிச்சமிருக்கும் நேரத்தை செமஸ்டருக்கு நடுவில் வையுங்கள், முதல் இன்டர்னல் முடிந்த வாரம் ஒரு மணி நேரம். அப்போதுதான் அவர்களிடம் உண்மையான கேள்விகள் இருக்கும். ஜூனில் எல்லோரும் "புரிஞ்சது சார்" என்பார்கள்.

குத்துவிளக்கு ஏற்றியே ஆக வேண்டும் என்று முதல்வர் சொல்கிறார் என்றால் ஏற்றுங்கள். பத்து நிமிடம்.

ஜூன் 21

கேள்வி கேட்டவர் பயிற்சி முடித்துவிட்டு எழுதியிருக்கிறார். 60-இல் 38 கணக்கில் 14 பேரில் ஒன்பது பேர் "தேறாது" என்றே எழுதினார்களாம். கணிதத் துறைக்காரர் ஒருவரும் அதில் உண்டு. பீரியட் கணக்கு வந்ததும் அவரே போர்டுக்குப் போய் மற்றவர்களுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்.

ரெஜிஸ்டர் பக்கத்தைப் பார்த்து முகூர்த்த நாள் என்று கண்டுபிடித்தது ஒரே ஒரு ஆள், மெக்கானிக்கல் பிரிவில் சேர்ந்திருக்கும் 26 வயதுப் பையன். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டதற்கு, "நானும் பந்தி பரிமாறிட்டுத்தான் மேடம் பி.இ. முடிச்சேன்" என்றானாம். அவனை வைத்து அடுத்த வருடப் பயிற்சியை நடத்துங்கள், என்னை விட்டுவிடுங்கள்.

பயிற்சிப் பையில் பேனா, ஃபைலோடு ஆளுக்கொரு தினசரி காலண்டரும் போட்டிருக்கிறார். ஜூன் மாதத்தில் 14 காலண்டர் எதற்கு என்று அக்கவுன்ட்ஸில் பில்லைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

ஸ்டேஷனரி என்று எழுதிக் கொடுங்கள் மேடம்.